சிறுநீர்த் தொற்றா? ஸ்ட்ரிப்பை வீட்டில் பார்க்கும் முறை

சர்க்கரைக்காரர் இருக்கும் வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கும். அதுவும் ஒரு பயோசென்சர்தான், அதாவது நொதி போன்ற உயிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் கருவி. ஸ்ட்ரிப்பில் (சோதனைப் பட்டையில்) உள்ள நொதி குளுக்கோஸோடு வினைபுரிய, கருவி அதை மின்சாரமாக அளந்து எண்ணாகக் காட்டிவிடும். கிருமித்தொற்றுக்கு வீட்டில் அவ்வளவு வசதி இன்னும் இல்லை, கைக்கு எட்டுவது நிறம் மாறும் சிறுநீர் ஸ்ட்ரிப்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரை எடுங்கள். ஈ.கோலை போன்ற கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதைத்தான் ஸ்ட்ரிப்பில் ஒரு கட்டம் காட்டுகிறது, அதற்குச் சிறுநீர் சிறுநீர்ப்பையிலேயே 4 மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும், ஆகவே இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுச் சோதித்தால் ஸ்ட்ரிப் வீண். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, ஸ்ட்ரிப்பை அதில் முக்கியவுடன் வெளியே எடுத்து, விளிம்பில் வழித்துவிட்டு, கிடையாகப் பிடியுங்கள். பெரும்பாலும் நைட்ரைட்டை 60 விநாடியிலும் சிறுநீரில் வெள்ளணுக்கள் (தொற்றை எதிர்க்கும் இரத்த அணுக்கள்) இருப்பதைக் காட்டும் இன்னொரு கட்டத்தை 2 நிமிடத்திலும் பார்க்கவேண்டும், ஆனால் உங்கள் ஸ்ட்ரிப் பாட்டிலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. அதற்குப் பிறகு மாறும் நிறத்தை விட்டுவிடுங்கள்.

நம்மூர் சிங்கப்பூரின் ஈரப்பதம் ஒரு தொல்லை. மூடி திறந்து கிடந்த ஸ்ட்ரிப், கிருமியே இல்லாமல் நைட்ரைட் இருப்பதாகக் காட்டலாம். குளியலறையிலும் வைக்காதீர்கள், குளிர்பெட்டியிலும் வைக்காதீர்கள்.

சரி, முடிவு? எரிச்சலும் இருக்கிறது, இரண்டு கட்டமும் நிறம் மாறியிருக்கிறது என்றால் அன்றே கிளினிக்குக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ போங்கள், அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். நிறம் மாறாவிட்டாலும் எரிச்சல் இருந்தால் போகத்தான் வேண்டும், ஏனென்றால் என்டெரோகாக்கஸ் மாதிரிக் கிருமிகள் நைட்ரைட் உண்டாக்குவதில்லை, வைட்டமின் சி மாத்திரையும் முடிவை மறைத்துவிடும். தாத்தா பாட்டி விஷயம் வேறு. வயதானவர்களுக்குத் தொந்தரவே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம், நிறத்தை மட்டும் காட்டி மருந்து கேட்டு அடம்பிடிக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்களுக்கு இந்தச் சோதனையே வேண்டாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் நேராக மருத்துவரிடம். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்றால் ஸ்ட்ரிப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஆள் குழம்பிப் பேசினால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

ஸ்ட்ரிப்பைப் பையில் சுருட்டி எடுத்துப் போகாதீர்கள், பார்க்கவேண்டிய நேரத்திலேயே வெள்ளை வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மறுபடி சிறுநீர் கேட்பார்கள், அதனால் கிளம்புமுன் கழிப்பறைக்குப் போய்விட்டு வராதீர்கள்.