கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள்: கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் 1965-ல் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு, 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள் செய்தது. அவற்றில் ஏராளமானவை ஒலிநாடாவில் பத்திரமாக இருக்கின்றன. ஆசையாகக் கேட்க வந்து, இரண்டு மூன்று பதிவுகளிலேயே சலித்துப் போகிறவர்கள் அநேகம். இவ்வளவு நல்ல இசை இப்படிக் கைநழுவுவது வருத்தம் தருகிறது.

பாட்டு பாட்டாகப் பிரித்துக் கேட்காதீர்கள். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் செட்டில் (இடைவேளைக்குப் பிந்தைய பகுதியில்) 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' நிற்காமல் 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' ஆகிறது. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல். பாடல் பட்டியலில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் அம்புக்குறிக்கு இதுதான் பொருள். ஷஃபிளில் போட்டால் அந்த மாறும் இடமே காணாமல் போய்விடும். பிளேயரில் பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத கேப்லெஸ் வசதியை இயக்கிவிட்டு, செட்டை முழுதாக ஓடவிடுங்கள்.

குரலுக்காகக் காத்திருப்பதும் வேண்டாம். 1969-ல் வெளியான 'லைவ்/டெட்' ஆல்பத்தில் 'டார்க் ஸ்டார்' 23 நிமிடம் ஓடுகிறது. முதல் வரி வரவே சுமார் 6 நிமிடம் ஆகும். அதுவரை ஜெர்ரி கார்சியாவின் கிடாரோடு ஃபில் லெஷின் பேஸ் கிடாரையும் பின்தொடருங்கள். அடிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரில் அது எழும்பாது. ஹெட்ஃபோன் கட்டாயம்.

பலரும் சறுக்கும் இடம், 'சவுண்ட்போர்டு பதிவுதான் (அரங்கின் ஒலிக்கலவைக் கருவியான மிக்சரிலிருந்து நேரடியாக எடுத்ததுதான்) உசத்தி' என்ற நம்பிக்கை. சிறிய அரங்கில் ஆம்ப்ளிஃபையரும் டிரம்ஸும் நேரடியாகவே காதில் விழும். அதனால் மிக்சர் வழியே பெரும்பாலும் குரலைத்தான் ஏற்றுவார்கள். அந்த மிக்சரிலிருந்து எடுத்த நாடாவில் குரல் முட்டிக்கொண்டு நிற்கும், கிடார் எங்கோ ஒலிக்கும். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் நாடாவுக்கென்றே தனியாக மிக்ஸ் செய்தார். கார்னெல் பதிவு அவ்வளவு சமநிலையோடு இருப்பதற்கு அதுவே காரணம். ரசிகர்கள் மைக் வைத்து எடுத்த பதிவுகளில் அரங்கின் காற்றும் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்து வரும். 1984 அக்டோபரில் பதிவு செய்பவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள். அதன் பிறகான கச்சேரிகளில் இந்த வகைப் பதிவுகளையும் தேடிப் பாருங்கள்.

சவுண்ட்போர்டு பதிவு, ரசிகர் பதிவு இரண்டையும் கலந்தது மேட்ரிக்ஸ். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்ற மைக்குக்கு ஒலி சுமார் 90 மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச் சேரும். அதைச் சரிசெய்யாத மேட்ரிக்ஸில் ஒவ்வொரு டிரம் அடியும் இரண்டு முறை கேட்கும். அப்படிப்பட்டதை ஒதுக்கிவிடலாம்.

1974 பதிவுகளில் குரல் மெலிந்திருந்தால் நாடாவைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஆண்டின் 'வால் ஆஃப் சவுண்ட்' அமைப்பில் ஸ்பீக்கர்கள் பாடகர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றன. மைக்கில் ஊளைச் சத்தம் வராமலிருக்க, ஒவ்வொருவருக்கும் இரண்டு மைக்குகளை எதிரெதிர் கட்டத்தில் (ஒன்றின் அலை மற்றதைக் கழிக்கும்படி) இணைத்து, ஒன்றில் மட்டும் பாடினார்கள். பின்னாலிருந்து வந்த ஒலி இரண்டிலும் விழுந்து அடிபட்டுப் போனது. கூடவே குரலின் கனமும் குறைந்தது.

நாடாவின் வேகத்தை மட்டும் சந்தேகப்படலாம். 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பி (B), ஏ (A) என்ற இரண்டே கார்டுகளில் (சுரக்கூட்டுகளில்) நடப்பது. கீபோர்டில் பி-யை வாசித்துப் பாருங்கள். பதிவு சி-யில் நின்றால் நாடா சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. அதே இரவின் வேறு பிரதியைத் தேடுங்கள். பாட்டின் நடுவே சட்டென்று அறுந்தால், அது பெரும்பாலும் கேசட்டைத் திருப்பிப் போட்ட இடம். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான்.