மியாந்தர்: சொல்லிலும் ஆற்றிலும் விடும் பிழைகள்

உயர்தரப் புவியியல் எழுதும் பிள்ளைகள் ‘மியாந்தர் என்றால் ஆற்று வளைவு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். முதல் பிழை அதுதான். பாறை குறுக்கிட்டு ஆறு ஓரிடத்தில் திரும்பினால் அது வெறும் திருப்பம். மியாந்தர் என்பது, பெரும்பாலும் சமவெளி வண்டலில், இடமும் வலமுமாக மாறி மாறி வரும் வளைவுகளின் தொடர். திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவை நெருங்கும் மகாவலி கங்கையை வரைபடத்தில் பாருங்கள், விளங்கும்.

எவ்வளவு வளைந்தால் மியாந்தர்? வரைபடத்தில் இரு புள்ளிகளுக்கு இடையே ஆற்றின் நடுக்கோட்டில் நூலைப் பதித்து நீளம் எடுங்கள். அதே இரு புள்ளிகளுக்கும் இடையிலான நேர்த்தூரத்தை அடிமட்டத்தால் அளந்து, அதனால் நூலின் நீளத்தை வகுங்கள். 1.5 அல்லது அதற்கு மேல் வந்தால் மியாந்தர் ஆறு என்பது வழக்கமான எல்லை. நூல் 12 செ.மீ, நேர்த்தூரம் 7 செ.மீ என்றால் 1.71. நூலை இழுத்துப் பிடித்தால் வளைவு தட்டையாகி விடை குறையும். சற்று நனைத்தால் தாளோடு ஒட்டி நிற்கும். ஊற்றிலிருந்து முகத்துவாரம் வரை ஒரே கணக்காகப் போடவேண்டாம். மலைநாட்டில் பள்ளத்தாக்கோடு மகாவலி திரும்பும் பெரிய திருப்பங்களும் அதில் சேர்ந்துவிடும்.

கரைகளை மாற்றி எழுதுவோரும் உண்டு. வெளிக்கரையில் நீர் வேகம். மண் அரிபட்டு மருத மரத்தின் வேர் வெளியே தொங்கும். உட்கரையில் வேகம் தளர்ந்து மணல் படியும். ஆழம் வெளிக்கரைப் பக்கம்தான். குளிக்க இறங்குவோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சுழி வேறு, அது நீர் சுற்றும் இடம். வளைவுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சொல் பிறந்தது இன்றைய துருக்கியில். அங்குள்ள ஓர் ஆற்றுக்குக் கிரேக்கர் வழங்கிய மையாந்திரோஸ் என்ற பெயரே அக்காலத்திலேயே வளைந்து செல்பவற்றுக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. மட்பாண்ட ஓரங்களில் மடங்கி மடங்கி வரும் கோட்டுக் கோலத்துக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் இலக்கில்லாமல் நடப்பதையும், தடம் மாறும் பேச்சையும் இச்சொல்லால் (meander) குறிப்பார்கள்.

மொழிபெயர்ப்பவர் சறுக்குவது இங்கேதான். ‘ஆறு அலைந்து திரிகிறது’ என்று எழுதவேண்டாம். ஆறு இறக்கத்தைப் பிடித்தே போகிறது. பேச்சுக்குச் ‘சுற்றி வளைத்து’ என்றால், சொல்ல மனமில்லாமல் இழுக்கிறார் என்றாகும். ‘பேச்சு எங்கெங்கோ போனது’ போதும். ‘நெளிவு சுளிவு’ தொழில் நுணுக்கத்துக்குரியது. ‘கோணலாக ஓடுகிறது’ என்றாலோ ஆற்றில் குறை கண்டதாகிவிடும். ‘வளைந்து நெளிந்து’ என்ற நம் வழக்கே ஆற்றுக்குச் சரி.