எதைப் பார்த்தாலும் 18 மீற்றர் காட்டிய லேசர் தூரமானி

அம்பாறையில் வட்டைக் (வயல்வெளிக்) காவலுக்கு, யானை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்க, விலை குறைந்த லேசர் தூரமானி ஒன்று வாங்கினேன். பரணிலிருந்து அளந்தால் எல்லை மருதமரமும் 18 மீற்றர், அதற்கப்பால் நின்ற யானையும் 18 மீற்றர்.

சீஆர்2 பற்றரி புதிதாகப் போட்டேன், வில்லையைத் துடைத்தேன். அதே 18. நான்கு நாள் போனது.

கீழே இறங்கி வரம்பில் நின்று அளந்தபோது மட்டும் எண் சரியாக வந்தது. பரணுக்கு முன்னால் ஒரு நாவல் கொப்பு. கருவிக்குள் பார்க்கும்போது தெரியும் குறிக்கோடு அதில் படவேயில்லை, ஓரத்தில் இரண்டு இலைதான். ஆனால் லேசர்க் கற்றை குறிக்கோட்டைவிட அகலமானது, அதன் ஓரம் இலையில் பட்டு அந்தத் தூரத்தையே காட்டியிருக்கிறது.

கருவி கோல்ஃப் முறையில் இருந்திருக்கிறது. கோல்ஃப் குழியில் நட்ட கொடியைத்தான் அளப்பார்கள், அதற்குப் பின்னால் மரம் நிற்கும் என்பதால் அந்த முறை கிட்ட உள்ளதையே எடுக்கும். வேட்டை முறை இலை, புல்லைத் தள்ளிவிட்டுத் தூரத்தில் உள்ளதை எடுக்கும். மோட் பொத்தானை அழுத்திப் பிடித்து மாற்றினேன், மருதமரம் 165.

வாங்குகிறவர்கள் இந்த வேட்டை முறை உண்டா என்று முதலில் கேளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 600 மீற்றர் என்பது ஒளியை நன்றாகத் திருப்பும் பொருளுக்கு. சேறு காய்ந்த யானைத் தோலுக்கு எனக்கு 250 தாண்டவில்லை. அலகையும் பாருங்கள்: 180 யார் (கெஜம்) என்றால் 165 மீற்றர்தான்.