விற்கும் விறகை எந்த நீளத்தில் அறுப்பது?

ரம்பத்தை எடுக்கும் முன், வாங்குபவரிடம் அவர் அடுப்பின் உள் நீளத்தைக் கேட்டுவிடுங்கள். அதைவிட இரண்டு மூன்று அங்குலம் குறைவாக அறுப்பதே சரி. கேட்க வழியில்லையா? 16 அங்குலம் கதவு வைத்த பெரும்பாலான விறகு அடுப்புகளுக்குப் பொருந்தும். சின்ன அடுப்புக்கு 12. கட்டை குட்டையானால் எரித்துக்கொள்வார்கள். நீண்டுவிட்டால் அடுப்புக் கதவையே சாத்த முடியாது, திட்டுதான் விழும்.

கண் மதிப்பை நம்ப வேண்டாம், பத்துக் கட்டைக்குள் அளவு நழுவிவிடும். 16 அங்குலக் குச்சி ஒன்றை நறுக்கி வைத்து, மரத்தின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போங்கள்.

அப்புறம் பருமன். 3 முதல் 6 அங்குலமாகப் பிளந்தால் போதும். அதற்கு மேல் தடித்தால் உள் ஈரம் லேசில் காயாது, புகைதான் மிஞ்சும். கணு விழுந்த கோணல் துண்டுகள் அடுக்கில் நிற்காது. அவை நம் வீட்டு அடுப்புக்கு.