விடைக்கோழிக்குத் தீனிப்பை அடைத்துக்கொண்டால்

காலையில் தீனி வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள். கழுத்தடியில், நெஞ்சின் வலப்பக்கம் இருக்கும் தீனிப்பை அந்நேரம் காலியாக இருக்க வேண்டும். கல்லாகவோ பிசைந்த மாவாகவோ தட்டுப்பட்டால் அடைப்பு. நீளப் புல், வைக்கோல், சாக்குநூல் சுருண்டு கிடக்கும். தண்ணீர்ப் பையாகத் தளும்பி, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே பூஞ்சை பெருகியிருக்கிறது.

கோழியைத் தனியே அடைத்து, 12 முதல் 24 மணி நேரம் தீனியை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தக் கூடாது. அடைப்புக்கு 2 மி.லி. தேங்காய் எண்ணெயை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பிறகு தீனிப்பையை விரல்நுனியால் ஐந்து நிமிடம் மெல்லப் பிசையுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை.

தலைகீழாகப் பிடித்துக் கக்க வைப்பது பலர் செய்யும் வேலை. வேண்டாம், நுரையீரலுக்குள் நீர் புகுந்து அங்கேயே செத்துவிடலாம். புளிப்பு வாடை இருந்தால் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் போடாதீர்கள், பூஞ்சை இன்னும் கூடும். மருத்துவரிடம் நிஸ்டாடின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கேளுங்கள்.

பை வற்றியதும் ஈரப்படுத்திய தூள் தீவனம் கொஞ்சம் கொஞ்சமாக. கூடவே அரைக்கக் குறுமணல். இரண்டு நாளாகியும் கரையவில்லையா? கீழே இரைப்பையில் அடைப்போ குடற்புழுவோ இருக்கலாம். கால்நடை மருத்துவர் பையைக் கீறி எடுக்க வேண்டியும் வரலாம்; வீட்டுப் பிளேடால் அதை முயலாதீர்கள்.