சிக்னல் முழுதாக இருந்தும் வைஃபை அறுபடுகிறதா?

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ 4ஜி ரவுட்டரில் சூம் வகுப்புக் கேட்கும்போது குரல் இடைக்கிடை அறுபட்டால் உடனே டவரைத் திட்டாதீர்கள். முதலில் லினக்ஸ் லப்டொப்பில் இருந்து ரவுட்டருக்கே பிங் (பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் கட்டளை) போடுங்கள். சில மில்லிசெக்கனில் வருகிற பதில் ஒழுங்கான இடைவெளியில் நூற்றுக்கணக்கான மில்லிசெக்கனுக்கு ஏறினால் ஸ்கேனிங்கைத்தான், அதாவது லப்டொப் மற்ற நெட்வேர்க்குகளைத் தேடுவதைத்தான், சந்தேகிக்க வேண்டும். வைஃபை ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சனலைத்தான் (அலைவரிசையைத்தான்) கேட்கும், மற்ற நெட்வேர்க்குகளைத் தேடப் போகும்போது 'எனக்கு வரும் பக்கெட்டுகளை (டேட்டாத் துண்டுகளை) பிடித்து வைத்திரு' என்று ரவுட்டருக்குச் சொல்லிவிட்டுப் போகும். நல்ல ட்ரைவர் (வைஃபை ரேடியோவை இயக்கும் மென்பொருள்) இடையிடையே திரும்பி வரும், மோசமானது எல்லாச் சனலையும் ஒரே மூச்சில் சுற்றிவிட்டுத்தான் வரும்.

சரி, நெட்வேர்க் பட்டியலை மூடுங்கள், அது திறந்திருந்தாலே தேடல் ஓடும். அப்புறம் லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வேர்க்மனேஜரில் அந்த இணைப்பின் பிஎஸ்எஸ்ஐடியை (ரவுட்டரின் வைஃபை முகவரியை) உங்கள் ரவுட்டருக்கே பூட்டுங்கள். பின்னணித் தேடல் நின்றுவிடும். பல ரவுட்டர் உள்ள பள்ளிக்கூடத்தில் இது வேண்டாம், அறை மாறினால் இணைப்பு தாவாது.