ரங்கூனுக்கு லீவில் போகிறீர்களா? மாமியார் வீடு முதலில், அம்மா வீடு கடைசியில்

முதல் நாலைந்து தடவை ஊருக்குப் போய்விட்டுச் சிங்கப்பூர் திரும்பினபோது, ஆபீசில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "என்ன, உடம்பு சரியில்லையா?" லீவுக்குப் போனவள் மாதிரியே இல்லை. 10 நாளில் ரங்கூன், மோல்மீன், 11 சொந்தக்காரர் வீடு, இரண்டு கோயில், தம்பி மனைவியோடு ஒரு மனஸ்தாபம், வயிற்றுப்போக்கு. இப்போது அப்படிப் போவதில்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை, என்னைப் போல வெளியே வேலை பார்க்கும் பர்மாத் தமிழர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் தேதி. பலர் திஞ்சானுக்குத்தான் போவார்கள். ஏப்ரல் 13லிருந்து 16 வரை தண்ணீர்த் திருவிழா, 17 பர்மிய வருஷப் பிறப்பு, நடுவில் 14ஆம் தேதி நம்முடைய சித்திரை முதல் நாளும் வந்துவிடும். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், அது நிஜம். ஆனால் கடை மூடியிருக்கும், பஸ் டிக்கெட் கிடைக்காது, வெயில் மண்டையைப் பிளக்கும், அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று நினைத்திருந்தால் அதுவும் நடக்காது. ஆளைப் பார்க்க மட்டும் என்றால் திஞ்சான், ஆளையும் பார்த்து வேலையும் முடிக்க வேண்டும் என்றால் அக்டோபர் கடைசி, நவம்பர். மழை விட்டிருக்கும். தீபாவளி அங்கே அரசாங்க விடுமுறை. அதற்குக் கொஞ்சம் முன்னால் தடின்ஜு பௌர்ணமியும் வரும். அந்தச் சமயத்தில் பர்மாக்காரர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து பழமோ லுங்கியோ கொடுத்துவிட்டு வருவார்கள். நம் வீடுகளிலும் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள், தாத்தா பாட்டிக்கெல்லாம் ஒரே குஷி.

அடுத்தது எந்த வீடு முதலில் என்கிற மகா பிரச்சினை. என் வீட்டுக்காரருக்கு ஊர் மோல்மீன், எனக்கு ரங்கூன் டவுன். நடுவில் சுமார் 300 கிலோமீட்டர். பஸ்ஸில் காலையில் ஏறினால் சாயந்திரத்துக்குள் போகலாம், ரயில் என்றால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். என் முடிவு இதுதான்: இறங்கின மறுநாளே மோல்மீன் போய்விட வேண்டும், அம்மா வீடு கடைசி. அம்மாவுக்கு இது பிடிக்காது, "வந்த காலோடு அங்கேதான் ஓடணுமா" என்பார். சொல்லட்டும். விமானம் ரங்கூனிலிருந்துதான் கிளம்புகிறது. கடைசி இரண்டு நாளை மோல்மீனில் வைத்துக்கொண்டு, வழியில் ஏதாவது ரோடு மூடிவிட்டார்கள் என்றால் டிக்கெட்டும் போச்சு, வேலையும் போச்சு. இந்தக் காலத்தில் கிளம்புவதற்கு முந்தின நாள் பாதை எப்படி என்று அங்கே இருக்கிறவர்களிடம் கேட்காமல் ஏறாதீர்கள், பகலிலேயே போங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் போன் பண்ணி ஒரே தேதியைச் சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் "பார்க்கலாம்" என்று இழுத்தீர்களோ, அந்தப் "பார்க்கலாம்" நீங்கள் போய் இறங்குவதற்குள் நாத்தனார் வாயில் "நாலு நாள் கூடுதலாக இருப்பாளாம்" ஆகியிருக்கும்.

ராத்திரி தங்கும் விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிற சட்டம் 2021லிருந்து மறுபடி நடப்பில் இருக்கிறது. பிறந்த வீடாக இருந்தாலும் குடும்பப் பட்டியலில் பேர் இல்லையென்றால் விருந்தாளிதான். கையில் வேறு நாட்டு பாஸ்போர்ட் வந்துவிட்டவர்கள், வீட்டில் தங்கலாமா என்பதை முன்கூட்டியே வீட்டாரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். டாலர் நோட்டு கொண்டு போகிறவர்கள் புத்தம் புதிதாக, மடிப்பில்லாமல், ஒரு பேனாக் கீறல்கூட இல்லாமல் கொண்டு போங்கள். பர்ஸில் மடித்த நோட்டை அங்கே சீண்ட மாட்டார்கள். நான் ஒரு தமிழ் நாவலுக்குள் வைத்துக் கொண்டு போவேன்.

சாமான் விஷயத்தில் எல்லாருக்கும் துணி எடுப்பதை நான் விட்டுவிட்டேன். அளவு சரியாக இருக்காது, நிறம் பிடிக்காது, ஓரகத்திக்கு எடுத்த புடவை நாத்தனாருக்கு எடுத்ததைவிட 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதல் என்று எப்படியோ தெரிந்துவிடும். சார்ஜ் பண்ணும் விளக்கு, பவர் பேங்க், அப்பா சாப்பிடும் அதே மாத்திரை (சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி), படிக்கிற கண்ணாடி, சிங்கப்பூர் தேக்காவில் வாங்கின தமிழ் நாள்காட்டி. அந்தத் தாள் கிழிக்கிற நாள்காட்டிக்குக் கிடைக்கும் மரியாதை எந்தச் சேலைக்கும் கிடைத்ததில்லை. பவர் பேங்கை மட்டும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட விடமாட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம். போன வீட்டில் விருந்தாளியாக உட்காராதீர்கள், அதற்காக அதிகாரியாகவும் ஆகிவிடாதீர்கள். ஏற்கெனவே அந்த வீட்டில் நடந்துகொண்டிருக்கிற ஒரு வேலையில், ஒரே ஒரு வேலையில், போய் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு இது புரிந்தது ஒரு பால் டின்னால். ஐந்தாவது பயணமோ என்னவோ, அம்மா வீட்டு அடுப்படி அலமாரி அடைசலாக இருக்கிறதே என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சுத்தம் பண்ணினேன். மூடியில்லாத டப்பா, டப்பாவில்லாத மூடி, துருப்பிடித்த பழைய பால் டின் ஒன்று, எல்லாம் குப்பைக்குப் போயிற்று. சாயந்திரம் தம்பி மனைவி வேலை முடிந்து வந்து அரிசி மூட்டைக்குள் கை விடுகிறாள், தேடுகிறாள், தேடிக்கொண்டே இருக்கிறாள். பர்மாவில் அரிசியை அளப்பதே அந்தக் கண்டென்ஸ்டு மில்க் டின்னில்தான், 8 டின் ஒரு ப்யி, அதாவது பர்மியப் படி. எனக்குத் தெரியாததா? தெரியும், அங்கேயே பிறந்து வளர்ந்தவள். மறந்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி கண்ணளவில் போட்ட சோறு குழைந்து கஞ்சியாக வந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டின்னுக்காகவா பேசவில்லை? 12 வருஷமாக அந்த வீட்டில் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, கரண்ட் போன ராத்திரிகளில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் அவள். நான் வருஷத்துக்கு 10 நாள் வந்து, அடுப்படி சரியில்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டேன்.

அதனால் கூட இருந்து பார்த்துக்கொள்கிற தம்பியோ அண்ணனோ, அவர் மனைவியோ, அவர்கள் நடத்துகிற முறையில் கை வைக்காதீர்கள். "அம்மா ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டாங்க" என்று அவர்கள் முன்னால் கேட்காதீர்கள். தனியாகக் கேட்கும்போதும், "டாக்டர் என்ன சொன்னார்" என்று கேளுங்கள். பணம் கொடுப்பதாக இருந்தால் அம்மா கையில் ரகசியமாகத் திணிக்காதீர்கள். அம்மா அதை அன்றைக்கே தம்பியிடம் கொடுத்துவிடுவார், ரகசியம் பண்ணினது மட்டும் அவன் மனசில் நிற்கும். முடிந்தால் ஒரு நாள் முழுக்க அப்பா அம்மாவை நீங்கள் பார்த்துக்கொண்டு, தம்பி குடும்பத்தைப் பிள்ளைகளோடு வெளியே அனுப்பி வையுங்கள். நான் அப்படி அனுப்பினபோது அவர்கள் எங்கேயும் பெரிதாகப் போகவில்லை, ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்களாம், ஆனால் தம்பி மனைவி திரும்பி வரும்போது எனக்கு மட்டும் ஒரு பொட்டலம் லப்பெத் தோ (ஊறவைத்த தேயிலைக் கலவை) வாங்கி வந்தாள்.

ரங்கூனில் நான் ஒட்டிக்கொண்ட வேலை அப்பாவோடு டீக்கடை. இதற்கு இயற்கையே உதவி செய்யும். சிங்கப்பூரைவிட ரங்கூன் ஒன்றரை மணி நேரம் பின்னால், இங்கே காலை ஆறரைக்கு எழுகிறவருக்கு அங்கே 5 மணிக்கே முழிப்பு வந்துவிடும். அந்த முழிப்பை வீணாக்கிப் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்காமல் எழுந்து அப்பாவோடு இறங்கிவிடுங்கள். தெருவோரம் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல், மேஜையில் இலவசமாக வெறும் டீ பிளாஸ்க். அப்பா உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி "ப்ச் ப்ச்" என்பார், பையன் ஓடி வருவான். அவருக்குச் சா சேய்ன், டீச்சாயம் தூக்கலாக. எனக்குச் சோ சேய்ன், பாலும் இனிப்பும் தூக்கலாக. இச்சாகுவேயை (எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரம்) பிய்த்து டீயில் முக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம். போனில் "ம், நல்லாருக்கேன், நீ எப்படி" என்பதைத் தாண்டாத மனுஷர், அங்கே உட்கார்ந்தால் 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது தாத்தா ஏன் மற்றவர்களைப் போல மெட்ராஸுக்குக் கப்பல் ஏறவில்லை என்பதுவரை பேசுவார். குறுக்கே திருத்தாதீர்கள், பாதிக் கதை போன வருஷம் வேறு மாதிரி இருந்தாலும்.

மோல்மீனில் அத்தையோடு, அதாவது மாமியாரோடு, பஜார். அங்கே கிலோ கிடையாது, வீசைதான், ஒரு வீசை 1.63 கிலோ. பேரும் நம் பழைய வீசைதான். ஆனால் சிங்கப்பூர் பழக்கத்தில் மூன்று கிலோ என்ற நினைப்பில் மூன்று வீசை வெங்காயம் கேட்டு, கிட்டத்தட்ட ஐந்து கிலோவைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தேன். அத்தை அதை இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். மாமியார் நம்மை வைத்துச் சிரிக்கிற நிலைமை வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு இன்னொரு கதை உண்டு. 2005இல் தன்ல்வின் ஆற்றுப் பாலம் திறக்கும் முன்னால் ரயில் இக்கரை மொட்டமாவோடு நின்றுவிடும், அங்கிருந்து படகில்தான் மோல்மீன். கல்யாணம் ஆகி வந்த நாளில் படகில் வாந்தி எடுத்தது, பட்டுப்புடவை நனைந்தது. ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொல்வார். நான் இப்போது "அந்தப் புடவை என்ன நிறம் அத்தை?" என்று புதிதாக ஒரு கேள்வி கேட்பேன். கதை வேறு திசையில் போகும், எனக்கும் அலுக்காது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு வேலை இருக்கிறது. கரண்ட். எப்போது வரும் என்று ஒரு அட்டவணை சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். வந்தவுடன் தெருவே "மீ லா பீ!" (கரண்ட் வந்தாச்சு) என்று கத்தும். அந்த நிமிஷத்தில் ஒருவர் தண்ணீர் மோட்டாருக்கு, ஒருவர் ரைஸ் குக்கருக்கு, ஒருவர் இஸ்திரிப் பெட்டிக்கு என்று ஓடுவார்கள். நீங்கள் எதற்கு ஓட வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒதுக்கியிருப்பது எல்லார் போனையும் சார்ஜில் போடுவது.

சொந்தக்காரர் வீடு 11க்கும் போகிற வேலையை விடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்பௌ பிரியாணி அண்டாவாகச் சொல்லி எல்லாரையும் வரச் சொல்லிவிடலாம். ரங்கூன் டம்பௌவுக்கு வர மாட்டேன் என்கிற சித்தப்பா எங்கள் குடும்பத்தில் இல்லை. படி இறங்க முடியாத வயசானவர்கள் வீட்டுக்கு மட்டும் நீங்களே ஏறிப் போய்ப் பாருங்கள், ஒரு வீட்டில் ஒரு பலகாரம் போதும்.

பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். என் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ், தம்பி பிள்ளைகளுக்குப் பர்மீஸ், நடுவில் பாட்டிக்காக உடைந்த தமிழ். இரண்டாம் நாளே கேரம் போர்டில் எல்லாம் சரியாகிவிடும். வாலிப வயசுப் பையன்களிடம் மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சட்டம் நடப்புக்கு வந்ததிலிருந்து 18 முதல் 35 வயசு ஆண்பிள்ளை இருக்கிற வீடு எதுவும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. "அப்புறம், அடுத்து என்ன பிளான்?" என்று நாம் சாதாரணமாகக் கேட்கிற கேள்விக்குச் சாப்பாட்டு மேஜையே அமைதியாகிவிடுகிறது. நான் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கடைசி நாள். பெட்டியை முந்தின ராத்திரியே கட்டி எடை பார்த்துவிடுங்கள். ஙப்பியை (புளிக்கவைத்த மீன் விழுது) ஆறு சுற்று பிளாஸ்டிக்கில் சுற்றினாலும் மணக்கும், மனசைக் கல்லாக்கிக்கொண்டு அரை வீசையோடு நிறுத்துங்கள். டாக்ஸியைக் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்னால் வரச் சொல்லுங்கள். அம்மாவுக்கு நான்கு மாடி இறங்கி ஏற முடியாது, ஏர்போர்ட்டுக்கு வரவும் வேண்டாம், மாடியிலேயே சொல்லிக்கொண்டு இறங்கிவிடுவது நல்லது. எங்கள் வீட்டு பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப், காலையில் பலகாரக்காரரிடம் வாங்குவதெல்லாம் அதில்தான் மேலே ஏறும். டாக்ஸியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அந்தக் கயிறு ஆடி ஆடி இறங்கி வரும், கிளிப்பில் ஒரு பொட்டலம், சூடாக. கைப்பையில் அதற்கு ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள்.